சளி பிடித்தால் எந்தத் தொல்லைக்கு எந்தக் கைவைத்தியம்: அறிகுறி வாரியாக ஒரு வழிமுறை

சளிக்கு என்ன செய்யலாம் என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றைத்தான்: இந்த நிமிடம் உங்களை அதிகம் படுத்துவது எது? மூக்கடைப்பா, தொண்டை எரிச்சலா, படுத்தால் கிளம்பும் இருமலா? அதைத் தீர்மானிக்காமல் கைக்குக் கிடைத்ததையெல்லாம் செய்து பார்ப்பதால்தான் பலருக்குக் கைவைத்தியம் பலிப்பதில்லை. மூக்கடைப்பைத் தேன் திறக்காது. தொண்டை வலிக்கு நெஞ்சில் தைலம் தேய்த்துப் பயனில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு. அந்த வேலைக்கு ஓர் எல்லையும் உண்டு.

சளியை உண்டாக்கும் வைரஸ்கள் 200க்கும் மேல். அவற்றில் முதலிடம் ரைனோவைரஸ் குடும்பத்துக்கு. இவற்றைக் கொல்லும் மருந்து மருந்துக்கடையிலும் இல்லை, அடுப்படியிலும் இல்லை. உடம்பு தானாகவே 7 முதல் 10 நாட்களில் விரட்டிவிடுகிறது. அந்த நாட்களில் மூச்சு விடவும், தூங்கவும், தண்ணீர் குடிக்கவும் முடியும்படி செய்வதே கைவைத்தியத்தின் வேலை. இரவெல்லாம் வாயால் மூச்சு விட்டுப் புரண்டவர்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று தெரியும்.

எதையும் தொடங்கும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். முதல் அறிகுறி தெரிந்த தேதியை ஒரு தாளில் எழுதி வையுங்கள். கிருமி உள்ளே புகுந்து 1 முதல் 3 நாட்களில் தொண்டை கரகரக்கும். அடுத்து மூக்கு ஒழுகும், அடைக்கும். தொல்லை உச்சத்தைத் தொடுவது பெரும்பாலும் 2ஆம், 3ஆம் நாட்களில். அதன் பிறகு இறங்குமுகம். இருமல் மட்டும் கடைசியில் கிளம்பும் விருந்தாளி. சிலருக்கு 3 வாரம் வரை தங்கும். இந்த நாள் கணக்கு கையில் இருந்தால் 3ஆம் நாள் பயந்து ஓட மாட்டீர்கள். 12ஆம் நாள் அலட்சியமாகவும் இருக்க மாட்டீர்கள்.

முதல் கேள்வி: இது சளிதானா?

காலையில் நன்றாக இருந்தவர் மாலைக்குள் 39 டிகிரி செல்சியஸ் காய்ச்சலோடும், எலும்பை முறித்துப் போட்டது போன்ற உடம்பு வலியோடும் படுத்துவிட்டால், இன்ஃப்ளூயன்ஸாவாக இருக்கலாம். சளி அப்படி ஒரே அடியாக விழுத்தாது, படிப்படியாக ஏறும். கர்ப்பிணிகள், முதியவர்கள், நாள்பட்ட நோய் உள்ளவர்கள் இன்ஃப்ளூயன்ஸா என்று சந்தேகப்பட்டால் முதல் 2 நாட்களுக்குள் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. அதற்கான வைரஸ் எதிர்ப்பு மருந்துகள் சீக்கிரம் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும்.

கண்ணும் மூக்கும் அரிக்கின்றன, மூக்கில் தெளிந்த நீர் மட்டும் வருகிறது, காய்ச்சல் இல்லை, வாரக்கணக்கில் நீடிக்கிறது என்றால் ஒவ்வாமையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். தொண்டை கடுமையாக வலிக்கிறது, காய்ச்சல் இருக்கிறது, கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது, ஆனால் இருமலும் இல்லை, மூக்கொழுகலும் இல்லை என்றால் அது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் பாக்டீரியா தொற்றாக இருக்கக்கூடும். அதற்குப் பரிசோதனை உண்டு, மருந்தும் உண்டு. கோவிட் தொற்றைச் சளியிலிருந்து அறிகுறியை வைத்து மட்டும் பிரிக்க முடியாது. வீட்டில் முதியவர் இருந்தால் சோதித்துப் பார்ப்பதே முறை.

கைவைத்தியத்தைத் தள்ளி வைத்துவிட்டு உடனே கிளம்ப வேண்டிய நிலைமைகளும் உண்டு. மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, உதடு நீலம் பாய்தல், நினைவு தடுமாறுதல், தண்ணீர் கூட உள்ளே தங்காமை, சிறுநீர் வெகுவாகக் குறைந்துபோதல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்க வேண்டாம். 3 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 38 டிகிரி காய்ச்சல் வந்தால், அது ஒன்றே போதுமான காரணம்.

குழந்தைகளின் மூச்சை எண்ணுவதற்கு ஒரு முறை இருக்கிறது. எல்லாப் பெற்றோரும் இதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். குழந்தை அழாமல், பால் குடிக்காமல் அமைதியாக இருக்கும்போது சட்டையை மேலே தூக்கிவிட்டு வயிற்றைப் பாருங்கள். ஒரு முறை ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. நொடி முள்ளைப் பார்த்து முழுசாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்காதீர்கள், சிறு குழந்தைகளின் மூச்சு ஒரே சீராக இருக்காது. 2 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல், 2 முதல் 11 மாதக் குழந்தைக்கு 50 அல்லது மேல், 1 முதல் 5 வயதுக்கு 40 அல்லது மேல் இருந்தால் அதை வேகமான மூச்சு என்று உலக சுகாதார அமைப்பு வகுத்திருக்கிறது. மூச்சை இழுக்கும்போது விலா எலும்புகளுக்குக் கீழே சதை உள்வாங்கினாலும் அதே எச்சரிக்கைதான். என் மகளுக்கு 7 மாதமாக இருந்தபோது ஓர் இரவு இப்படி மூன்று முறை எண்ணினேன்: 38, 41, 39. அந்த எண்களைப் பார்த்த பிறகுதான் என் கை நடுக்கம் நின்றது.

மூக்கு அடைத்துக்கொண்டு மூச்சு விட முடியவில்லை

சிந்திச் சிந்திப் பார்த்தும் எதுவும் வராது, அடைப்பும் விடாது. காரணம் எளிது. உள்ளே வழியை மறிப்பது பெரும்பாலும் கோழை இல்லை, வீங்கிய சதை. மூக்கின் உட்சுவரில் உள்ள இரத்தக் குழாய்கள் விரிந்து தடித்துவிடுகின்றன. அதைச் சிந்தி வெளியேற்ற முடியாது. பலமாகச் சிந்தினால் வீக்கம் கூடும். மூக்கின் இரு பக்கமும் சில மணி நேரத்துக்கு ஒரு முறை மாறி மாறி அடைப்பதும் திறப்பதும் நலமாக இருக்கும்போதே நடப்பதுதான். சளியில் அது நமக்கு உறைக்கிறது. ஒருக்களித்துப் படுத்தால் கீழ்ப்பக்கத் துவாரம் அடைக்கும். ஆகவே முதல் வேலை, இன்னொரு தலையணை வைத்துத் தலையை உயர்த்தி, அதிகம் அடைத்த பக்கம் மேலே இருக்கும்படி திரும்பிப் படுப்பது. ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு மட்டும் தலையணை வைக்கக் கூடாது.

அடுத்தது உப்புநீர். எனக்குத் தெரிந்த கைவைத்தியங்களில் மூக்குக்கு இதைவிட நம்பகமானது வேறு இல்லை. ஆனால் செய்முறையில் கவனம் தேவை. 240 மில்லிலிட்டர் தண்ணீருக்கு ஏறத்தாழ 2 கிராம் உப்பு, அதாவது தூள் உப்பில் தட்டையாக ஒரு தேக்கரண்டியின் மூன்றில் ஒரு பங்கு. ஒரு லிட்டருக்கு 9 கிராம் என்பதே இதன் அடிப்படைக் கணக்கு. உடம்பின் திரவங்களில் உள்ள உப்பும் ஏறக்குறைய அதே அளவு என்பதால் மூக்கில் எரியாது. எரிந்தால் உப்பு கூடியிருக்கிறது அல்லது குறைந்திருக்கிறது என்று பொருள். அயோடின் சேர்க்காத உப்பு இன்னும் இதமாக இருக்கும். ஒரு சிட்டிகை சமையல் சோடாவும் சேர்க்கலாம்.

தண்ணீர் விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. குழாய்த் தண்ணீரை அப்படியே மூக்கில் விடாதீர்கள். நெக்லேரியா ஃபவ்லேரி என்ற அமீபா குடித்தால் ஒன்றும் செய்யாது. மூக்கின் வழியே ஏறினால் மூளையைத் தாக்கும். அரிதாக நேர்வதுதான். ஆனால் நேர்ந்தால் பிழைப்பவர்கள் மிகச் சிலரே. தண்ணீரைக் கொதிக்கவிட்டு, கொப்பளித்துக் கொதிக்கும் நிலையில் ஒரு நிமிடம் வைத்து, ஆறவிட்டுப் பயன்படுத்துங்கள். கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல் வசிப்பவர்கள் 3 நிமிடம் கொதிக்கவிட வேண்டும். காய்ச்சி வடித்த நீரும் உதவும்.

இனிக் கழுவும் விதம். தொட்டியின் மேல் குனிந்து, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, வாயைத் திறந்து வாயால் மூச்சு விடுங்கள். மேலே உள்ள துவாரத்தில் வெதுவெதுப்பான உப்புநீரை மெல்ல விட்டால் கீழே உள்ளதன் வழியே வடியும். தொண்டைக்கு இறங்கினால் தலையை இன்னும் சற்று முன்னால் குனியுங்கள். முடிந்ததும் குனிந்தபடியே மென்மையாகச் சிந்துங்கள். கழுவப் பயன்படுத்திய கலத்தை ஒவ்வொரு முறையும் சுத்தம் செய்து உலர வையுங்கள். இரு பக்கமும் முழுமையாக அடைத்திருந்தாலோ, காது வலித்தாலோ கழுவுவதை விட்டுவிட்டுச் சொட்டு சொட்டாக விடுங்கள்.

ஆவி பிடிப்பதைப் பற்றி நான் சொல்வது பலருக்குப் பிடிக்காது. கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் குனிந்து, துணியால் மூடிக்கொண்டு மூச்சிழுப்பது சற்று நேரம் இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் அது சளியைச் சீக்கிரம் குணமாக்கும் என்பதற்கு ஆய்வுகளில் உறுதியான சான்று கிடைக்கவில்லை. சூட்டில் வைரஸ் சாகும் என்பதும் உண்மையில்லை. அது செத்துவிடும் அளவு சூட்டை மூக்கின் சதை தாங்காது. பயன் இவ்வளவுதான். அபாயமோ நிஜமானது: பாத்திரம் சரிந்து தொடையிலும் வயிற்றிலும் கொதிநீர் கொட்டித் தீக்காயத்தோடு மருத்துவமனைக்கு வரும் குழந்தைகள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். குழந்தைகளுக்கு இந்த முறையில் ஆவி பிடிக்க வைக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். அதற்குப் பதிலாகக் குளியலறைக் கதவைச் சாத்தி, வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்த ஈரக் காற்றில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு 10 நிமிடம் உட்காருங்கள். பெரியவர்கள் வெந்நீரில் குளிக்கும்போதே அதே சுகம் கிடைத்துவிடும்.

தைலம் தேய்த்ததும் மூக்கு திறந்தது போல் இருக்கிறதே? மென்தால் மூக்கில் குளிர்ச்சியை உணரும் நரம்புகளைத் தூண்டுகிறது. மூளை அதைக் காற்றோட்டம் என்று புரிந்துகொள்கிறது. அடைப்பு அப்படியேதான் இருக்கும். ஆனாலும் அந்த உணர்வு தூங்க உதவினால் நெஞ்சிலும் கழுத்திலும் தடவிக்கொள்வதில் தவறில்லை. மூக்கின் உள்ளே மட்டும் வைக்கக் கூடாது. 2 வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கற்பூரம், மென்தால் சேர்ந்த தைலம் எங்குமே வேண்டாம். கற்பூரத்தைக் குழந்தை வாயில் போட்டுவிட்டால் வலிப்பு வரும். டப்பாவை எட்டாத உயரத்தில் வையுங்கள்.

மருந்துக்கடையில் கிடைக்கும் மூக்குச் சொட்டு மருந்து நிமிடத்தில் அடைப்பைத் திறக்கும். ஆக்ஸிமெட்டாசோலின், சைலோமெட்டாசோலின் என்ற பெயர்களைச் சீட்டில் பார்க்கலாம். இவை வீங்கிய இரத்தக் குழாய்களைச் சுருக்குகின்றன. 3 நாட்களுக்கு மேல் தொடர்ந்தால் கதை மாறும்: மருந்தின் வேகம் தணிந்ததும் குழாய்கள் முன்னைவிட அதிகமாக வீங்கும், மறுபடி சொட்டு கேட்கும். நான் ஒரு முறை 12 நாட்கள் விட்டேன். சளி எப்போதோ போய்விட்டது. அடைப்பு மட்டும் போகவில்லை. நிறுத்திய முதல் மூன்று இரவுகள் உட்கார்ந்தே தூங்கினேன். மூக்கு பழைய நிலைக்கு வர இரண்டு வாரத்துக்கு மேல் ஆயிற்று. நீங்களும் அதே வலையில் இருந்தால், முதலில் ஒரு பக்கத்துக்கு மட்டும் சொட்டை நிறுத்தி, உப்புநீரால் சமாளித்து, அந்தப் பக்கம் தேறியதும் மறு பக்கத்தையும் நிறுத்துங்கள். முடியவில்லை என்றால் மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். அதற்கும் மருந்து இருக்கிறது.

மூக்கு ஒழுகுகிறது, தும்மல் நிற்கவில்லை

இது முதல் மூன்று நாட்களின் தொல்லை; தானே குறையும். ஒரு துவாரத்தை மூடிக்கொண்டு மற்றதை மெல்லச் சிந்துங்கள். இரண்டையும் சேர்த்து அழுத்திச் சிந்தினால் கோழை சைனஸ் அறைகளுக்குள் தள்ளப்படுகிறது. துடைத்துத் துடைத்து மூக்கின் கீழே தோல் சிவந்து எரிந்தால், படுக்கும் முன் கொஞ்சம் பெட்ரோலியம் ஜெல்லி தடவுங்கள். தும்மலைக் கையால் மறைக்காமல் முழங்கையின் மடிப்பில் வாங்குங்கள். ரைனோவைரஸ் கையில் மணிக்கணக்கில் உயிரோடு இருக்கும். அந்தக் கை கதவுப் பிடியைத் தொடும், அதைத் தொட்டவர் தம் கண்ணையோ மூக்கையோ தொடுவார். சோப்புப் போட்டு 20 நொடி கை கழுவுவது வீட்டில் மற்றவர்களைக் காக்க நீங்கள் செய்யக்கூடிய பெரிய காரியம்.

கோழை பச்சையாக, மஞ்சளாக மாறிவிட்டது

பயப்பட வேண்டாம். கிருமியை எதிர்க்கத் திரண்டு வந்த வெள்ளையணுக்களில் பச்சை நிறமுள்ள ஒரு நொதி இருக்கிறது. அதில் உள்ள இரும்புதான் அந்த நிறத்துக்குக் காரணம். வெள்ளையணுக்கள் மடிந்து கோழையில் கலக்கும்போது நிறம் தெரிகிறது. சளியின் நடு நாட்களில் இது இயல்பாக நடக்கும். நிறத்தை மட்டும் பார்த்து ஆன்டிபயாடிக் கேட்காதீர்கள். பழைய சீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரையை எடுத்துப் போடவே போடாதீர்கள். ஆன்டிபயாடிக் பாக்டீரியாவுக்கானது, வைரஸை அது தொடாது. வயிற்றுப்போக்கும், மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களும்தான் மிஞ்சும்.

தொண்டை வலிக்கிறது, விழுங்க முடியவில்லை

ஒரு கோப்பை வெதுவெதுப்பான நீரில் கால் முதல் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து, அண்ணாந்து, அடித்தொண்டை வரை படும்படி கொப்பளித்துத் துப்புங்கள். விழுங்க வேண்டாம். நாளைக்கு மூன்று நான்கு முறை செய்யலாம். 6 வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குக் கொப்பளிக்கத் தெரியாது, வற்புறுத்தினால் புரையேறும். அவர்களுக்கு ஆறிய பானம் அல்லது பனிக்குச்சி கொடுக்கலாம். குளிர்ச்சி சளியைக் கூட்டும் என்று பலர் மறுப்பார்கள். சளியைத் தருவது வைரஸ். குளிர்ந்த பொருள் புண்ணான தொண்டையை மரத்துப்போகச் செய்து வலியைக் குறைக்கிறது. சிறு குழந்தைக்கு மிட்டாய் போன்ற தொண்டை வில்லைகளைக் கொடுக்காதீர்கள், சிக்கிக்கொள்ளும்.

பெரியவர்களுக்குச் சூடான பானத்தைவிட ஆறுதல் தருவது எதுவும் இல்லை. சளியை ஆராய்வதற்கென்றே மையம் வைத்திருந்த கார்டிஃப் பல்கலைக்கழகத்தினர் 2008இல் வெளியிட்ட ஆய்வில், சளி பிடித்த 30 பேருக்குப் பழச்சாறு பானத்தைச் சூடாகவும் அறை வெப்பத்திலும் கொடுத்துப் பார்த்தார்கள். மூக்கில் போகும் காற்றின் அளவு எதிலும் மாறவில்லை. ஆனால் சூடாகக் குடித்தவர்களுக்கு மூக்கொழுகல், இருமல், தும்மலோடு தொண்டை வலி, குளிர் நடுக்கம், அசதியும் உடனே குறைந்தன. அறை வெப்பத்தில் குடித்தவர்களுக்கு முதல் மூன்று மட்டுமே. இஞ்சி தட்டிப் போட்ட வெந்நீரோ, எலுமிச்சையும் தேனும் கலந்ததோ, சூப்போ, பிடித்ததைக் குடியுங்கள். நாக்கு பொறுக்கும் சூட்டில், மடக்கு மடக்காக, மெதுவாக.

எச்சில் கூட விழுங்க முடியாமல் வாயில் வழிந்தாலோ, வாயைத் திறக்க முடியாவிட்டாலோ, குரல் அடைத்து மூச்சில் சத்தம் கேட்டாலோ இந்தப் பத்தியை மூடிவிட்டு உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

படுத்தால் இருமல் கிளம்புகிறது

பகலில் ஒன்றும் இல்லை, தலை சாய்த்ததும் வருகிறது என்றால், மூக்கின் பின்புறமிருந்து கோழை தொண்டைக்கு வடிகிறது. இங்கே இருமலைத் தாக்காமல் மூலத்தைக் கவனியுங்கள்: படுக்கும் முன் மூக்கை உப்புநீரால் கழுவுங்கள், தலையை உயர்த்திப் படுங்கள்.

தொண்டை உறுத்தி வரும் வறட்டு இருமலுக்குத் தேன். இது பாட்டி சொன்னதோடு நிற்கவில்லை. 2007இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், சளி இருமலோடு வந்த 2 முதல் 18 வயது வரையிலான 105 பேரில் ஒரு சாராருக்குப் படுக்கும் முன் தேன், ஒரு சாராருக்குத் தேன் சுவையூட்டிய டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் இருமல் மருந்து, மற்றவர்களுக்கு எதுவுமே இல்லை. இரவு எப்படிக் கழிந்தது என்று மறுநாள் பெற்றோரைக் கேட்டபோது தேன் குடித்தவர்களின் நிலைதான் எல்லாரையும்விடத் தேறியிருந்தது.

அளவு: 1 முதல் 5 வயதுக்கு அரைத் தேக்கரண்டி, 6 முதல் 11 வயதுக்கு ஒன்று, அதற்கு மேல் இரண்டு. படுப்பதற்கு அரை மணி நேரம் முன்பு கரண்டியிலேயே கொடுங்கள். குழந்தை அதை நாக்கால் நக்கி நக்கிச் சாப்பிடட்டும், அவசரப்படுத்தாதீர்கள். தொண்டையில் பிசுபிசுப்பாகப் படர்ந்து மெல்ல இறங்குவதால்தான் உறுத்தல் அடங்குகிறது. ஒரு கோப்பை நீரில் கலந்து மடமடவென்று குடித்தால் அந்தப் பலன் பாதி கரைந்துவிடும். பிறகு பல் தேய்க்க வையுங்கள். நீரிழிவு உள்ளவர்கள் இதையும் சர்க்கரைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் ஒரு சொட்டும் கூடாது. விரலில் தொட்டு நாக்கில் வைப்பதும் கூடாது. கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் தேனில் இருக்கலாம். பச்சைக் குழந்தையின் குடலில் அவை முளைத்து நஞ்சைச் சுரக்கும். மலச்சிக்கல், பால் இழுக்க வலுவில்லாமை, மெலிந்த அழுகை, உடம்பு துவளுதல் என்று வரிசையாக வந்து மூச்சையே நிறுத்தக்கூடும். வீட்டு அடுப்பில் கொதிக்க வைத்தாலும் அந்த வித்துகள் சாகாது. சுத்தமான தேன், பழக்கமானவர் கொடுத்த தேன் என்ற எந்தச் சமாதானமும் இங்கே செல்லாது.

கடைகளில் விற்கும் இருமல், சளி மருந்துகளை 4 வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு மருத்துவர் சொல்லாமல் கொடுக்காதீர்கள். இருமும்போது இளைப்பது போல் விசில் சத்தம் கேட்டால், நாய் குரைப்பது போல் ஒலித்தால், இரத்தம் கலந்து வந்தால் அது சளி இருமல் என்று விட்டுவிடக் கூடாது.

காய்ச்சல், தலைவலி, உடம்பு வலி

சளியில் பெரியவர்களுக்குக் காய்ச்சல் வருவது குறைவு. வந்தாலும் லேசாக இருக்கும். குழந்தைகளுக்கு 38, 38.5 டிகிரி வரை ஏறலாம். எண்ணைவிட ஆளைப் பாருங்கள். 38.5 இருந்தும் விளையாடும் குழந்தையைவிட, 38 இருந்து கண்ணைத் திறக்க மறுக்கும் குழந்தையே கவலைக்குரியது. காய்ச்சலை இறக்கியே தீர வேண்டும் என்பதில்லை. வலியால் தூக்கமும் உணவும் கெட்டால் பாராசிட்டமால் போதும்.

தவறு நடப்பது கணக்கில்தான். பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 4 கிராம் உச்ச வரம்பு. 500 மில்லிகிராம் மாத்திரையில் 8. பல சளி மாத்திரைகளிலும் சூடாகக் கரைத்துக் குடிக்கும் பொடிகளிலும் பாராசிட்டமால் ஏற்கெனவே கலந்திருக்கும். காய்ச்சலுக்கு ஒன்று, சளிக்கு ஒன்று என்று போடுபவர் தெரியாமலே இரட்டை அளவு எடுக்கிறார், கல்லீரல் பாதிக்கப்படுகிறது. அட்டையைத் திருப்பிச் சிறு எழுத்தைப் படியுங்கள். குழந்தைகளுக்கு அளவு வயதைப் பார்த்து இல்லை, எடையைப் பார்த்து: ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், 4 முதல் 6 மணி நேர இடைவெளி, ஒரு நாளில் 4 வேளைக்கு மேல் இல்லை. மருந்தோடு வந்த அளவுக் கருவியால் அளந்து கொடுங்கள். வீட்டுக் கரண்டிகள் ஒன்றுபோல் இருப்பதில்லை. குழந்தைகளுக்கும் பதின்வயதினருக்கும் ஆஸ்பிரின் கூடவே கூடாது. வைரஸ் தொற்றின்போது அது ரெய் நோய்க்குறி என்ற ஆபத்தான கல்லீரல், மூளைப் பாதிப்பைத் தூண்டக்கூடும்.

காது அடைத்திருக்கிறது

மூக்கையும் நடுக்காதையும் இணைக்கும் குழாய் வீங்கியிருக்கிறது. கொட்டாவி விடுங்கள், விழுங்குங்கள், மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊதாதீர்கள். வலித்தால் வெதுவெதுப்பான துணியை வெளியே ஒத்தடமாக வைக்கலாம். காதுக்குள் எண்ணெயோ வேறு எதுவுமோ விடாதீர்கள். சீழ் வடிந்தால், வலி 2, 3 நாட்களில் தணியாவிட்டால் மருத்துவர் பார்க்க வேண்டும்.

கைக்குழந்தை பால் குடிக்க மறுக்கிறது

பசி இல்லாமல் மறுக்கவில்லை. முதல் சில மாதங்களில் குழந்தை மூக்கால் மட்டுமே மூச்சு விடப் பழகியிருக்கிறது; வாயில் பாலும் மூக்கில் அடைப்பும் சேர்ந்தால் மூச்சுக்கு வழியில்லை. இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு முகத்தைத் திருப்பி அழுவது அதனால்தான்.

பால் கொடுப்பதற்கு 10 நிமிடம் முன்பு, மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டை ஒவ்வொரு துவாரத்திலும் ஒன்றிரண்டு விடுங்கள். ஒரு நிமிடம் பொறுத்து உறிஞ்சு குமிழால் மெல்ல இழுங்கள். குமிழை முதலில் வெளியே அழுத்திக் காற்றை நீக்கிவிட்டு, நுனியைத் துவாரத்தின் வாயில் மட்டும் வைத்துப் பிடியை மெல்லத் தளர்த்த வேண்டும். உள்ளே வைத்து அழுத்தினால் கோழை பின்னுக்குப் போகும். நாளில் சில முறைக்கு மேல் வேண்டாம், சதை புண்ணாகும். பால் கொடுத்த பின் செய்தால் வாந்தி வரும். ஒரு வேளைக்குக் கொஞ்சமாக, அடிக்கடி கொடுங்கள். வழக்கத்தில் பாதிக்கும் குறைவாகக் குடித்தாலோ, 8 மணி நேரமாகத் துணி நனையாவிட்டாலோ மருத்துவரிடம் போங்கள்.

சீக்கிரம் போக வேறு ஏதாவது?

வைட்டமின் சி பற்றி 1970 முதல், வேதியியலாளர் லைனஸ் பாலிங் அதை வலியுறுத்திய நாளிலிருந்து, கேள்விகள் ஓயவில்லை. தொடர்ந்து தினமும் எடுப்பவர்களுக்குச் சளி நாட்கள் சற்றே குறைகின்றன, பெரியவர்களில் ஏறத்தாழ 8 சதவீதம். சளி பிடித்த பிறகு தொடங்கினால் பயன் தெரியவில்லை. துத்தநாக வில்லைகள் முதல் நாளே தொடங்கினால் சிலருக்கு உதவலாம், குமட்டலும் வரும். மூக்கில் பூசும் துத்தநாகம் மட்டும் வேண்டாம்: வாசனை உணர்வே நிரந்தரமாகப் போகக்கூடும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2009இல் எச்சரித்தது. என் அனுபவத்தில், வேலையை ஒத்திவைத்துவிட்டு முதல் இரண்டு நாட்கள் தூங்குவதற்கு ஈடான மருந்து கிடைக்கவில்லை.

10 நாள் ஆகியும் குறையவில்லை

எழுதி வைத்த தேதியை இப்போது எடுங்கள். 10 நாட்களுக்குப் பிறகும் சற்றும் இறங்காத மூக்கடைப்பு, அல்லது 5, 6ஆம் நாளில் தேறிவிட்டு மறுபடி காய்ச்சலோடும் முகவலியோடும் ஏறியது, அல்லது தொடக்கத்திலேயே 39 டிகிரி காய்ச்சலும் சீழ் போன்ற கோழையும் 3, 4 நாட்கள் விடாமல் இருப்பது ஆகியவை சைனஸில் பாக்டீரியா புகுந்ததைக் காட்டலாம். இங்கேதான் ஆன்டிபயாடிக்குக்கு ஒருவேளை இடம் இருக்கிறது; அதை மருத்துவர் தீர்மானிக்கட்டும். ஆஸ்துமா உள்ளவர்கள், நோய் எதிர்ப்பு ஆற்றல் குறைந்தவர்கள் 10 நாள் காத்திருக்கவே வேண்டாம். இருமல் மட்டும் மிச்சமிருந்து, நாளுக்கு நாள் குறைந்துகொண்டு வந்தால் 3 வாரம் வரை பொறுக்கலாம்.

மருத்துவரிடம் போகும்போது அந்தத் தாளையே எடுத்துச் செல்லுங்கள். தேதிக்குக் கீழே அளந்த காய்ச்சல் எண்களையும், எந்த மாத்திரையை எத்தனை வேளை போட்டீர்கள் என்பதையும், மூக்குச் சொட்டு எத்தனை நாள் விட்டீர்கள் என்பதையும் எழுதியிருந்தால், அவர் கேட்கப்போகும் முதல் ஐந்து கேள்விகளுக்குப் பதில் அதிலேயே இருக்கும்.